ஐஸ் மெஷின் கம்ப்ரசர் உறுமிவிட்டு நிற்கிறது: மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: தூத்துக்குடியில் ஜூஸ் கடை நடத்துகிறோம். ஒரு ஹெச்பி கம்ப்ரசர் உள்ள ஐஸ் க்யூப் மெஷின் வைத்திருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று உறுமும், சில வினாடியில் 'டக்' என்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமும், மறுபடி நிற்கும். இரவு பத்து மணிக்கு மேல் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். போன மாதம் ஒரு கெபாசிட்டர் வெடித்தது. மெக்கானிக் கெபாசிட்டரையும் ரிலேயையும் மாற்றினார். இப்போது "காயில் போயிடுச்சு, கம்ப்ரசரையே மாத்தணும்" என்கிறார். பக்கத்துக் கடை அண்ணன், ரிலேயைத் தூக்கிவிட்டு டைரக்டாக வயர் கொடுத்தால் ஓடிவிடும் என்கிறார். 2 கேவிஏ ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறோம். ஈபி மீட்டர் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது, கடைக்கு சுமார் 25 மீட்டர் வயர். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்த டைரக்ட் வயர் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் அந்த அண்ணன் சொல்லியிருப்பார். ஆனால் இதைச் செய்த இடங்களில் ஸ்டார்ட் வைண்டிங் (மோட்டாரைக் கிளப்ப உதவும் கம்பிச் சுருள்) எரிந்துபோவது சாதாரணம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கம்ப்ரசரில் வயர் மாட்டும் மூன்று பின்களும் கண்ணாடி சீலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே ஷார்ட் ஆன கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுத்தால் அந்தப் பின் பிய்த்துக்கொண்டு, அழுத்தத்தில் இருக்கும் கேஸும் சூடான ஆயிலும் முகத்தில் பீய்ச்சி அடிக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். பின் மேல் இருக்கும் மூடியைக் கழற்றிய நிலையில் யாரும், மெக்கானிக் உட்பட, கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்ப்ரசரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் மோட்டாரின் வைண்டிங், போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. காயில் எரிந்த கம்ப்ரசர் காலையில் நன்றாக ஓடாது, இரவு பத்து மணிக்குத் தானாகப் பிழைத்துக்கொள்ளவும் செய்யாது. ஓடுவதில் கோளாறு இல்லை, கிளம்புவதில்தான் கோளாறு. அதுவும் குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட சூழலில். இதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. ஐஸ் மெஷின் எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

ஐஸ் மெஷினுக்கு மற்ற ஃப்ரிட்ஜுகளுக்கு இல்லாத ஒரு பழக்கம் உண்டு. ஐஸ் உறையும் நேரம் முழுக்க கம்ப்ரசர் ஓடும். உறைந்த ஐஸைத் தட்டிலிருந்து விடுவிக்கும் நேரத்திலும் அது நிற்காது, சூடான கேஸைத் தட்டின் பக்கம் திருப்பும் ஹாட் கேஸ் வால்வு மட்டும் திறக்கும். ஐஸ் விழுந்ததும் வால்வு மூடி, அடுத்த உறைதல் தொடங்கும். ஆக, ஐஸ் தொட்டி நிறையும்வரை கம்ப்ரசர் நிற்காமல் ஓட வேண்டியது. இதனால், எந்த இடத்தில் டிரிப் ஆகிறது என்பதை வைத்தே காரணத்தை நெருங்கலாம். ஸ்டார்ட் ஆகும்போதே உறுமி நின்றால் வோல்டேஜ், ரிலே, கெபாசிட்டர், அல்லது உள்ளே அழுத்தம் சமமாகாதது. பத்து இருபது நிமிடம் ஓடிவிட்டு நின்றால் பெரும்பாலும் பின்னால் இருக்கும், சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் காயிலில் தூசி, அல்லது ஃபேன் சுற்றாதது, அல்லது அடுப்புப் பக்கத்தில் மெஷினை வைத்தது. ஐஸ் விழும் நேரத்தில் மட்டும் நின்றால், அப்போது சக்ஷன் (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம்) அழுத்தம் ஏறி ஆம்பியரும் ஏறுகிறது என்பதால், மோட்டார் ஓடும்போதும் சுற்றிலேயே இருக்கும் ரன் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது லோ வோல்டேஜ். உங்களுடையது முதல் வகை. அதிலும் கரண்ட் போய் வந்தவுடன்.

இந்த 'உடனே' என்பதுதான் முக்கியம். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் திடீரென்று நின்றால் ஒரு பக்கம் அதிக அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் அப்படியே நிற்கும். இரண்டும் சமநிலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கரண்ட் வந்து மோட்டார் கிளம்பப் பார்த்தால், மாடிப்படியில் மூட்டையோடு நிற்பவரை ஓடச் சொல்வதுபோல்தான். சின்ன மெஷின்கள் சிலவற்றில் பிடிசி என்ற சின்ன வில்லை ஸ்டார்ட் ரிலேயாக இருக்கும். அதுவும் ஆறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் வைண்டிங்குக்குப் போதிய கரண்டை விடாது. உங்களிடம் ஸ்டார்ட் கெபாசிட்டர் வெடித்திருப்பதால் உங்களுடையது பெரும்பாலும் பொட்டன்ஷியல் ரிலே (வோல்டேஜைப் பார்த்துத் திறக்கும் ரிலே) வகையாக இருக்கும். ஆனாலும் அழுத்தப் பிரச்சினை அதற்கும் உண்டு.

அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கரண்ட் போனால் மெஷினின் எம்சிபியை ஆஃப் பண்ணிவிடுங்கள். கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து, வோல்டேஜ் 207-க்கு மேல் இருந்தால் மட்டும் ஆன் பண்ணுங்கள். 230-இல் பத்து சதவீதம் கழித்தால் வருவது 207. உங்கள் மெஷினின் பெயர்ப் பலகையில் வேறு வரம்பு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் பண்ணியும் உறுமினால் உடனே ஆஃப். ஓவர்லோடு (சூடேறினால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) தானாக ரீசெட் ஆகி மறுபடி மறுபடி முயற்சி செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உறுமும் ஒவ்வொரு தடவையும் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் அந்த வைண்டிங் வழியாகப் போகிறது. நல்ல காயில் கெட்டுப்போகும் வழி அதுதான்.

அப்புறம் நிரந்தரமான வழி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்த 25 மீட்டர் வயரும் 2 கேவிஏ ஸ்டெபிலைசரும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் தடை ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம். போகவும் வரவுமாக 50 மீட்டர், அதாவது 0.6 ஓம். ஒரு ஹெச்பி கம்ப்ரசர் கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 18 வோல்ட் போய்விடும். சாயங்காலம் மீட்டரில் 190 இருந்தால் கம்ப்ரசருக்கு வருவது 172. மோட்டாரின் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 230-இல் இருக்க வேண்டிய விசையில் 56 சதவீதம்தான் கிடைக்கும். அந்த விசையில், அழுத்தம் சமமாகாத கம்ப்ரசர் உறுமத்தான் செய்யும்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2 கேவிஏ என்றால் 230 வோல்டில் சுமார் 8.7 ஆம்பியர்தான் அதன் தகுதி. கம்ப்ரசர் ஓடும்போது அது போதும். கிளம்பும்போது 30 ஆம்பியரைக் கேட்டால் ஸ்டெபிலைசரே உட்கார்ந்துவிடும். இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. 170-ஐ 230 ஆக்கிக் கொடுக்க வேண்டுமானால் ஸ்டெபிலைசர் உள்ளே வரும் பக்கம் 1.35 மடங்கு கரண்ட் இழுக்கும். அதாவது 30-க்குப் பதில் 40 ஆம்பியர். மெலிந்த வயர் என்றால் இழப்பு இன்னும் கூடும். எனவே பெரிய ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன்னால் வயரை மாற்றுங்கள். மீட்டரிலிருந்து மெஷினுக்கென்று தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு இழுத்தால், அதே 30 ஆம்பியருக்கு இழப்பு ஏழு வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதன் பிறகு 4 அல்லது 5 கேவிஏ ஸ்டெபிலைசர், மூன்று நிமிட டைம் டிலேயோடு (கரண்ட் வந்ததும் தாமதித்து ஆன் செய்யும் வசதி). உங்கள் மெஷினின் போர்டிலேயே டிலே இருக்கக்கூடும். ஆன் பண்ணியவுடன் கம்ப்ரசர் கிளம்பினால் இல்லை என்று அர்த்தம், வெளியே ஒரு டிலே டைமர் போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். எலக்ட்ரீஷியனை சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், காலையில் வேண்டாம். காலையில் வந்து 228 வோல்ட் பார்த்துவிட்டு "கரண்ட் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதால்தான் இப்படிப்பட்ட கோளாறுகள் மாதக்கணக்கில் இழுக்கின்றன. மெஷினின் உள் டெர்மினலில், மூடிகள் மூடியபடி வெளியே எடுத்த மீட்டர் வயரோடு, கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு வினாடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் 'MIN' (மினிமம்) பட்டன் இருந்தால் மிகக் குறைந்த அளவைப் பிடித்துக்கொள்ளும். கூடவே கிளாம்ப் மீட்டரை காமன் வயரில் (ஸ்டார்ட், ரன் இரண்டு வைண்டிங்குக்கும் பொதுவான வயர்) மாட்டி ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் பெயர்ப் பலகையில் எல்ஆர்ஏ என்று ஓர் எண் இருக்கும், அது பூட்டிய நிலையில் இழுக்கும் கரண்ட். அந்த எண்ணின் பக்கத்திலேயே பல வினாடிகள் நின்றால் மோட்டார் சுற்றவே இல்லை. நொடியில் ஏறி இறங்கி ஐந்தாறு ஆம்பியரில் நின்றால் நன்றாகக் கிளம்பிவிட்டது.

இனி கெபாசிட்டர் ஏன் வெடித்தது என்பது. மெக்கானிக் தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஸ்டார்ட் கெபாசிட்டர் சில வினாடிகள் மட்டும் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. மோட்டார் முக்கால்வாசி வேகம் பிடித்ததும் பொட்டன்ஷியல் ரிலே திறந்து அதைச் சுற்றிலிருந்து வெளியே தள்ள வேண்டும். ரிலேயின் பாயின்ட் (சேர்ந்து பிரியும் முனை) ஒட்டிக்கொண்டால், அல்லது மோட்டார் வேகமே பிடிக்காமல் உறுமிக்கொண்டே இருந்தால், கெபாசிட்டர் சுற்றிலேயே கிடந்து சூடேறி வெடிக்கும். உங்களிடம் இரண்டாவது காரணத்துக்கு வாய்ப்பு அதிகம். மாற்றிய ரிலே பழையதைப் போன்றதுதானா என்பதையும் பாருங்கள். கடையில் 'எல்லாத்துக்கும் சேரும்' என்று கொடுக்கும் ரிலேயில், எந்த வோல்டேஜில் அது திறக்கும் என்பது உங்கள் கம்ப்ரசருக்குப் பொருந்தாமல் போகலாம். திறக்கும் வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் கெபாசிட்டரை வெளியே விடாது, குறைவாக இருந்தால் மோட்டார் வேகம் பிடிக்கும் முன்னே கழற்றிவிடும். கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொன்ன ரிலே எண், அவர் சொன்ன மைக்ரோஃபாரட், அவர் சொன்னதற்குக் குறையாத வோல்ட். இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

ரிலேயைச் சோதிப்பது கஷ்டமில்லை. கழற்றி மல்டிமீட்டரில், ரிலேயின் டெர்மினல் எண் 1-க்கும் 2-க்கும் இடையே பார்த்தால் பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும், 2-க்கும் 5-க்கும் இடையே ஆயிரக்கணக்கில் ஓம். முதலாவது திறந்து கிடந்தால் ரிலே போச்சு, இரண்டாவது திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் காயில் போச்சு. ஆனால் பாயின்ட் கரிந்து அரைகுறையாக ஒட்டுவதை இந்தச் சோதனை காட்டாது, சந்தேகம் இருந்தால் ரிலேயை மாற்றிவிடுவதே நல்லது. கெபாசிட்டரைத் தொடுமுன் அதைக் காலி செய்ய வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் 'பட்' என்று ஷார்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம். 15,000 முதல் 20,000 ஓம் வரையுள்ள இரண்டு வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். அதன் பின் மீட்டரில் அளந்து, ரன் கெபாசிட்டர் மேலே எழுதியிருக்கும் எண்ணுக்கு ஐந்து ஆறு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் இருப்பது கடலோர ஊர். உப்புக் காற்றும் ஐஸ் மெஷினின் ஈரமும் சேர்ந்தால் காண்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பாயின்ட்டும், டெர்மினல் லக்குகளும் பச்சை பூத்துவிடும். காண்டாக்டர் மூடியிருக்கும்போது, லோடு ஓடும் நிலையில், உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் பாயின்ட் கரிந்திருக்கிறது. 'டர்ர்ர்' என்று காண்டாக்டர் அடித்துக்கொண்டால் அதன் காயிலுக்குப் போகும் வோல்டேஜே போதவில்லை.

மெக்கானிக் "காயில் போச்சு" என்றாரே, அதை எப்படி உறுதி செய்வது? இதில்தான் நல்ல கம்ப்ரசர்கள் குப்பைக்குப் போகின்றன. கரண்டை முழுக்க நிறுத்தி, மீட்டரில் இல்லை என்று உறுதி செய்து, கெபாசிட்டரைக் காலி செய்து, மூன்று பின்களிலிருந்தும் வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டிரண்டாக ஓம் அளக்க வேண்டும். உதாரணமாக 2.1, 5.4, 7.5 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகமான அளவு ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே, அதில் சேராத மூன்றாவது பின் காமன். காமனிலிருந்து குறைந்த அளவு காட்டுவது ரன், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்ட். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். வந்தால் வைண்டிங் அறுந்திருக்கவில்லை. மீட்டர் வயரின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம், இரண்டு ஓமில் அரை ஓம் பெரிய தவறு.

காமனிலிருந்து மற்ற இரண்டு பின்களுக்கும் அறுந்த மாதிரி காட்டி, ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே மட்டும் சரியாக ஓம் காட்டினால், மெக்கானிக் "போச்சு" என்று சொல்ல ஆசைப்படுவார். பெரும்பாலும் அது கம்ப்ரசருக்குள்ளேயே இருக்கும் ஓவர்லோடு சூட்டில் திறந்திருப்பது. பலமுறை உறுமிய கம்ப்ரசர் கையே வைக்க முடியாத அளவு சூடாக இருக்கும், ஓவர்லோடு மூட ஒரு மணி நேரமோ இன்னும் அதிகமோ ஆகலாம். ஃபேன் வைத்து ஆறவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உங்கள் மெஷின் இரவு பத்து மணிக்குத் தானாக ஓடுகிறதே, வோல்டேஜ் ஏறுவதோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது எர்த், அதாவது வைண்டிங்கிலிருந்து கம்ப்ரசரின் உடலுக்குக் கரண்ட் கசிகிறதா என்பது. பின்னுக்கும், பெயின்ட் சுரண்டிய செம்புக் குழாய்க்கும் இடையே மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) 500 வோல்டில் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. சிஸ்டம் வேக்யூமில் (உள்ளே கேஸும் காற்றும் உறிஞ்சி எடுத்த நிலையில்) இருக்கும்போது மெகர் வைக்கவே கூடாது, பின்னில் பொறி தாவிவிடும். நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டினால் கவலையே வேண்டாம். சில மெகா ஓம் மட்டும் காட்டினால் ஆயிலில் ஈரமோ அமிலமோ இருக்கலாம், வெறும் திரவ கேஸ் தேங்கியதாகவும் இருக்கலாம், கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி பார்க்கலாம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஓட்ட வேண்டாம். இதற்கிடையில் உங்கள் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். தரை ஈரமாகவே இருக்கும் இடத்தில் அது கட்டாயம். அது அடிக்கடி விழுந்தால் கம்ப்ரசரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம், தண்ணீர் பம்பும் ஹாட் கேஸ் வால்வின் காயிலும் ஈரத்தில் கசியும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். விழுகிறது என்பதற்காக ஆர்சிசிபியையே எடுத்துவிடுவது உயிரோடு விளையாடுவது.

ஓம் சரி, எர்த் சரி, கிளம்பும்போது வோல்டேஜ் சரி, சரியான புது ரிலேயும் கெபாசிட்டரும் போட்டாகிவிட்டது, பத்து நிமிடம் அழுத்தம் சமமாகவும் விட்டாகிவிட்டது. அப்படியும் எல்ஆர்ஏ அளவிலேயே இழுத்து நின்றால், அப்போது உள்ளே இறுகிவிட்டது என்று ஒத்துக்கொள்ளலாம். கம்ப்ரசரை மாற்ற வேண்டியதுதான். அந்த அளவுகளை மெக்கானிக் ஒரு தாளில் எழுதித் தந்த பிறகே பணம் கொடுங்கள். ஓம் மூன்று, மெகா ஓம் ஒன்று, கிளம்பும்போது வோல்ட் ஒன்று, ஆம்பியர் ஒன்று, இத்தனைதான். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

மாற்றும் நிலை வந்தால், காயில் எரிந்த கம்ப்ரசரா என்பதைப் பழைய ஆயிலில் அமிலச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். எரிந்திருந்தால் ஃபில்டர் டிரையரை (குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் வடிகட்டி) மாற்றாமல், நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யாமல், நன்றாக வேக்யூம் போடாமல் புதுக் கம்ப்ரசரை வைத்தால், பழைய அமிலம் புதுசையும் தின்றுவிடும். வயரையும் ஸ்டெபிலைசரையும் சரி செய்யாமல் வைத்தாலும் அதே கதிதான், புதுசும் சாயங்காலம் உறுமும்.

கடைசியாக ஒன்று, பெயர்ப் பலகையில் கேஸ் ஆர்290 என்று போட்டிருந்தால் அது புரொப்பேன், சமையல் கேஸைப் போலவே தீப்பற்றும். அந்த மெஷினில் ரிலேயும் ஓவர்லோடும் பொறி வெளியே வராதபடி மூடிய வகை. வேறு எதையும் மாற்றிப் போட விடாதீர்கள், அந்த கேஸில் பயிற்சி எடுத்தவரை மட்டும் தொடவிடுங்கள். சாயங்கால அளவுகள் கையில் கிடைத்ததும், பெயர்ப் பலகையின் போட்டோவோடு எழுதி அனுப்புங்கள். எந்த ரிலே, எத்தனை மைக்ரோஃபாரட் என்று குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.